மாமாவின் வீடு கொதித்த ஞாயிறு

எங்கள் மாமா கட்டிய வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது, சக்கரங்கள் உண்டு. பின்பக்கம் வாசற்படி, முன்பக்கம் ஸ்டியரிங். ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் அது நின்றுகொண்டிருந்த நாட்களில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்தில் இப்படி இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பது போலிருக்கும் அந்தப் பார்வை. ஒன்பது வயதில் எனக்கு அதில் பெருமைதான்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவ வியாபாரக் குடும்பம். கீழே அப்பாவின் மண்டி, மேலே வீடு. மஞ்சள், மிளகாய் வற்றல், மல்லி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும், மூட்டை மூட்டையாகப் போகும். போகிற வழியில் எங்கள் மேல் கொஞ்சம் படிந்துவிட்டுப் போகும். என் பள்ளிக்கூட நோட்டின் ஓரங்கள்கூட மஞ்சளாக இருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்து ஒர்க்‌ஷாப்பில் லாஞ்சு என்கிற விசைப்படகுகளின் இன்ஜினைப் பழுது பார்க்கிற வேலை. சின்ன வயதிலேயே ராயபுரத்துக்கு வந்துவிட்டதால் அவர் பேச்சு பாதி திருநெல்வேலி, பாதி பட்டணம். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் சொந்த வீடு இருக்கிறதா என்று கேட்டார்கள். மாமா ரோஷக்காரர். கட்டினார்.

யுத்தம் முடிந்தபின் பட்டாளத்து லாரிகளை ஏலத்தில் தள்ளிவிட்டார்கள் அல்லவா, அதில் ஒன்று பலபேர் கை மாறி மாமாவிடம் வந்தது. பெட்ரோல் இன்ஜின் செத்துப்போயிருந்தது. உடைக்கப் போட்டிருந்த ஒரு லாஞ்சிலிருந்து டீசல் இன்ஜினைக் கழற்றி அதில் பொருத்தினார். மேலே தேக்குப் பலகையில் அறை. மடக்குக் கட்டில் இரண்டு, ஜன்னலுக்குத் திரை, அடுப்பு வைக்க ஒரு மூலை, தண்ணீர் டிரம். சொந்தத் தம்பியின் வீடு என்பதால் அம்மா தன் பங்குக்கு ஒரு ஆட்டுக்கல்லும் ஒரு மர அலமாரியும் ஏற்றிவிட்டாள். பாதிரியார் வந்து ஜெபித்து வீட்டைப் பிரதிஷ்டை செய்தார். எந்தப் பக்கம் பார்த்து நின்று ஜெபிப்பது என்று அவருக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது.

வீட்டில் குறை ஒன்றுதான். அது ஓடவில்லை. ஓடினாலும் பத்து நிமிடத்தில் கொதித்தது.

காரணத்தை மாமா எங்களுக்கு விளக்கியிருக்கிறார். அந்த இன்ஜின் கடலில் பிறந்து வளர்ந்தது. சூடானால் குளிர வைக்கச் சுற்றிலும் தண்ணீர். இப்போது தார் ரோட்டில், லாரியின் சின்ன ரேடியேட்டரை நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு வீட்டுப் பாரம் வேறு. பாலத்து ஏற்றத்தைப் பார்த்தாலே கறுப்புப் புகையாகக் கக்கிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். அம்மா ஜன்னல் வழியே அதைப் பார்த்து, “ஏல தம்பி, இது வீடா, சூளையா?” என்று கேட்பாள்.

மாமா அசரவில்லை. முதலில் ஆட்டுக்கல் இறங்கியது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அலமாரி இறங்கியது. காற்று போகிற வழியில் அடைத்திருந்த தூசியைச் சுத்தம் செய்து, கரும்புகையை வெள்ளைப் புகையாக்கி, அப்புறம் அதையும் குறைத்தார். பெரிய விசிறி ஒன்றைத் தானே வெட்டி மாட்டினார். வீடு இளைத்தது, ஆனால் பாலம் ஏறியது. கடைசியில் ரேடியேட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு மட்டும் பாக்கி நின்றது.

இந்தச் சமயத்தில்தான் டீச்சரின் அப்பாவிடமிருந்து ஆள் வந்தது.

டீச்சர் என்றால் என் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். எங்கள் கோயிலுக்குத்தான் அவர்களும் வருவார்கள். தாயில்லாப் பெண். அப்பா முப்பது வருஷம் ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் சட்டைப்பையில் ரயில்வே கடிகாரம் இருக்கும். மாமா ஞாயிறுதோறும் கோயிலில் எந்த வரிசையில் உட்கார்கிறார், யாரைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார் என்பது எனக்கே தெரியும் என்றால், ஊருக்குத் தெரியாதா. பேச்சு எழுந்து, மாமாவை வரச் சொன்னார் ரயில்காரர். நானும் அம்மாவோடு போயிருந்தேன்.

“வேலை கீது, சம்பளம் கீது, எல்லாம் சரி. பொண்ணைக் கட்டினு போய் எந்த வூட்ல வெப்பே?”

“சொந்தமா ஒரு வீடு கீதுங்க ஐயா.”

“எங்க கீது?”

“எங்க வேணும்னு சொல்லுங்க, அங்க கொண்டாறேன்.”

ரயில்காரர் சிரிக்கவில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், அதில் பதில் எழுதியிருப்பது போல.

“வர்ற ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சதும் எண்ணூருக்குப் போறோம். நானும் என் பொண்ணும் உன் வூட்ல குந்திகினு வர்றோம். பன்னண்டு மணிக்குள்ள போய்ச் சேரணும். அதுக்கு மேல ஒரு நிமிசம் ஆனாலும் இந்தப் பேச்சை வுட்ருவோம்.”

மாமா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்தபின்தான் அவர் முகத்தில் வேர்வையைப் பார்த்தேன். அந்தப் பெண் கிடைக்காவிட்டால் இந்த வண்டியைப் பிரித்து விறகுக்குப் போட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லாரி ஷெட்டுகளில் ஒரு பழக்கம் உண்டு. ரேடியேட்டரில் சின்னக் கசிவு இருந்தால் ஒரு கரண்டி மஞ்சள்தூளைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவார்கள். தூள் போய் விரிசலில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். வியாழக்கிழமை மாமா அம்மாவிடம் ஒரு கரண்டி மஞ்சள்தூள் கேட்டு வாங்கி ஊற்றினார். கசிவும் நின்றது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் நாங்கள் மஞ்சள் மண்டிக்காரர்கள். எங்கள் வீட்டில் எதையும் கரண்டியால் அளந்து பழக்கமில்லை. ஒரே ஒரு கரண்டி மஞ்சள் என்பது எனக்குப் பெரிய கஞ்சத்தனமாகப் பட்டது. மாமாவின் வாழ்க்கையே இதில் தொங்குகிறது, நாம் மூட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பதா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய பவுடர் டப்பா நிறைய மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு போய், பம்பரின்மேல் ஏறி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கொட்டிவிட்டேன். கொட்டுமுன் ஒரு சின்ன ஜெபமும் செய்தேன்.

சனிக்கிழமை வெள்ளோட்டம். தண்டையார்பேட்டை தாண்டவில்லை, வண்டி புகைந்து நின்றது. மாமா ரேடியேட்டரின் அடியில் இருந்த பித்தளைத் திருகைத் திறந்து தண்ணீரை வடித்தார். தண்ணீரா அது? கெட்டியாக, மஞ்சளாக, குழம்பு மாதிரி வழிந்தது. அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றித் தெருக்குழாயடிக்குக் கொண்டுபோய், தலைகீழாக நிறுத்தி, சாயங்காலம் வரை தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார். சாக்கடை மஞ்சளாக ஓடியது. கசிவுக்காக ஒரே ஒரு கரண்டி மஞ்சளை மட்டும் மறுபடி கலந்து ஊற்றினார். நான் எதிர்ப்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து எல்லோரும் ஏறினோம். மாமா ஸ்டியரிங்கில், பக்கத்தில் ரயில்காரர் கடிகாரத்தோடு. பின்னால் கட்டிலில் அப்பா, அம்மா, டீச்சர், நான். டீச்சர் வெள்ளைப் புடவை கட்டியிருந்தார். ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, “யார் தைச்சது? மடிப்பு கோணலா இருக்கு” என்றார். மாமாதான் தைத்தார் என்று நான் காட்டிக்கொடுத்தேன். டீச்சர் அதன்பின் அந்தக் கோணல் மடிப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி அருமையாக ஓடியது. தண்டையார்பேட்டை போயிற்று. துறைமுகத்துக்குப் போகிற சரக்கு ரயிலுக்காக ஒரு கேட் மூடியிருந்தது. ரயில்காரரை உட்கார வைக்க முடியுமா? இறங்கி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய், வருகிற இன்ஜினுக்கு மரியாதை செய்வதுபோல நின்றார். மாமாவும் அப்பாவும் கூட நின்றார்கள். அம்மா கண்ணை மூடி மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

“வா, காத்து வாங்கலாம்” என்று டீச்சர் என்னை இறக்கிக்கொண்டு வண்டியின் முன்பக்கம் போனார். குனிந்தார். அந்தப் பித்தளைத் திருகைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துத் திருப்பினார். ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. ஒரு பானை அளவு போயிருக்கும். சரக்கு ரயிலின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூடினார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

“வண்டி ஒண்ணுக்குப் போச்சு” என்றார் டீச்சர். “வெளில சொல்லக் கூடாது. வெக்கப்படும்.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கும் அவசரமாகத்தான் இருந்தது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. மேலும் தையல் டீச்சர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஏறும்போது பார்த்தேன், அவருடைய கைக்குட்டையும் விரல் நுனியும் மஞ்சளாக இருந்தன. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விரல் அப்படித்தான் இருக்கும் என்பதால் அதுவும் எனக்கு விசேஷமாகப் படவில்லை.

திருவொற்றியூர் தாண்டி, இரண்டு பக்கமும் வெட்டவெளியாக இருக்கிற இடத்தில் வண்டி உறுமியது. பிறகு முனகியது. பானெட் இடுக்கெல்லாம் ஆவி. மாமா ஓரமாக நிறுத்தினார். மணி பதினொன்றே கால்.

ரயில்காரர் குதித்து இறங்கினார். அதுவரை கடிகாரத்தோடு அமைதியாக வந்தவர், வேறு ஆளாகிவிட்டார். முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். “இன்னா வண்டிய்யா இது! இதுக்கா என் பொண்ணை இட்டாந்தே? மூடியைத் தொற! தண்ணியை ஊத்து! ஆவறதைப் பாரு!” என்று கத்திக்கொண்டே துண்டைக் கையில் சுற்றி ரேடியேட்டர் மூடிக்குப் போனார்.

டீச்சர் என் கையைப் பிடித்திருந்தார். அவர் அப்பாவின் குரல் உயர்ந்ததும் அந்தப் பிடி இறுகியது. என் விரல்கள் நொறுங்கிவிடும் போல வலித்தன. வண்டி வெடித்துவிடும் என்று டீச்சர் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் வண்டியைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா ரயில்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார். பலமாகப் பிடிக்கவில்லை.

“தொறக்காதீங்க ஐயா. மூஞ்சில அடிக்கும்.”

“முப்பது வருசம் ஆவியோட குடித்தனம் பண்ணவன்யா நானு! எனக்கே சொல்லித் தரியா?”

“உங்களுக்குத் தெரியாதது இல்ல ஐயா. உங்க கைல ஒரு கொப்புளம் வந்தாலும் இந்த வண்டியை நானே கடல்ல தள்ளிடுவேன். பத்து நிமிசம். அது கோவம் தீரட்டும்.”

“டைம் போவுதுய்யா!”

“போவட்டும் ஐயா.”

சொல்லிவிட்டு மாமா அவருடைய தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டிக் கொடுத்தார். என் கையைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் தளர்ந்தது.

பத்து நிமிடம் எல்லோரும் வெயிலில் நின்றோம். அதைவிட நீளமான பத்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை. மாமா மூடியை மெள்ளத் திருகித் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், “தண்ணி இவ்வளவு கொறைய நாயமில்லையே” என்று முணுமுணுத்தார். அப்பா ஒரு குடிசைக் கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். மாமா விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே கொட்டினார்.

“உப்பு அத்தான். இதை ஊத்தினா உள்ள அரிச்சிடும்.”

“உப்பாவது புளியாவது, ஊத்துய்யா!” என்று ரயில்காரர் மறுபடி கத்தினார். மாமா அடுத்த கிணற்றுக்கு அவரே போனார். அந்தத் தண்ணீரையும் சுவைத்துப் பார்த்துக் கொட்டினார். மணி பதினொன்றே முக்கால்.

எனக்குத் தாங்கவில்லை. நான் கொட்டிய டப்பா மஞ்சள்தான் இன்னும் உள்ளே எங்கேயோ இருந்துகொண்டு மாமாவின் கல்யாணத்தைக் கெடுக்கிறது என்று நினைத்தேன். ஓவென்று அழுதுகொண்டே, “நாந்தான் மாமா, ஒரு டப்பா மஞ்சள் போட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர், “இல்ல, அவ மேல தப்பு...” என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“அவளை ஏசாத தம்பி. நானும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். ஒரு கரண்டி எந்த மூலைக்குன்னு நெனச்சேன்.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அப்பா வாளியைக் கீழே வைத்தார். மாமாவின் வண்டிப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், அதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாதவர் என் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு, “நானும் ஒரு படி போட்டேம்டே. நம்ம சரக்குல முதல் தரம்லா அது” என்றார்.

ரயில்காரர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “பொண்ணு கேக்க வந்த குடும்பமா, ரசம் வெக்க வந்த குடும்பமா?” என்றார். மாமாதான் முதலில் சிரித்தார். ரேடியேட்டர்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு, “நானுந்தான் போட்டேன். வுடு” என்றார்.

கடைசியில் அம்மா சாப்பாட்டுக்கு வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானையைக் கொடுத்தாள். மாமா இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே, மருந்து புகட்டுவது போல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். சூட்டில் சட்டென்று ஊற்றினால் இன்ஜின் வெடிப்பு விட்டுவிடுமாம். எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஐம்பது.

கழிமுகத்தின் ஓரத்தில் வண்டி நின்றது. காற்று சிலுசிலுவென்று ஜன்னல் திரையைத் தள்ளியது. ரயில்காரர் கடிகாரத்தை நீட்டி மாமாவிடம் காட்டினார். மாமா பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

“நைனா” என்றார் டீச்சர். அன்று அவர் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். “எனக்குச் சம்மதம்.”

“அம்பது நிமிசம் லேட்டும்மா!”

“அதனாலதான் நைனா.”

ரயில்காரருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. கடிகாரத்தை மூடிப் பைக்குள் போட்டார். வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மாமாவைக் கூப்பிட்டு, “சாப்பாடு இன்னா கீது?” என்று கேட்டார். எலுமிச்சம்பழச் சோறும் பொரித்த மீனும் அன்று ருசித்ததுபோல் பிறகு ருசித்ததில்லை. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. விக்கிக்கொண்டே சாப்பிட்டோம்.

திரும்பி வரும்போது வண்டி ஒரு இடத்தில்கூடக் கொதிக்கவில்லை. எண்ணூர்க் காற்று என்றார் அப்பா. கர்த்தரின் கிருபை என்றாள் அம்மா. நான் உண்மையை ஒப்புக்கொண்டதால்தான் என்று நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அத்தை ஆனார். இரண்டு பேரும் அந்த வண்டியில் நாலு வருஷம் குடியிருந்தார்கள். கோணல் மடிப்பைப் பிரித்துத் தைக்கவே இல்லை. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, புடவைத் தலைப்புக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்த அத்தையிடம் ஒருநாள் கேட்டேன், அன்றைக்குக் கேட்டில் எதற்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டீர்கள் என்று. அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“எங்க நைனா கெட்டவரில்ல. ஆனா இன்ஜின் பேஜார் பண்ண நாள்ல வூட்டுக்கு வந்தா, எங்கம்மா முதுகுலதான் அந்தச் சூடு எறங்கும். நல்லா ஓடற வண்டில குந்திகினு போனா ஆம்பளை எல்லாம் நல்லவந்தான். கொதிக்கட்டும், பாக்கலாம்னு நெனச்சேன்.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“அவர் மெக்கானிக்கு. தெரியாமலா இருக்கும்? கேட்டதே இல்ல.”

என் விரல்களை அன்று அத்தை ஏன் அப்படி இறுக்கினார் என்பதும், எப்போது விட்டார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஒரு பெண் தன் ஆயுள் முழுவதையும் பணயம் வைத்துப் பரீட்சை நடத்திய இடத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வண்டி ஒன்றுக்குப் போயிற்று, அதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான்.